இரு விழியும் ஒரு வடிவமும்: கணனி ஆக்கும் உருவங்களை முப்பரிமாணத்திற் காட்டும் முறைகள்

முன்னுரை

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே, மகாவலி கங்கையை அண்டி அமைந்த சிறு நகரம் கெலிஓயா. அங்கு ஒரு வீட்டு முற்றத்தில் நிற்பவர், வேலியோரத்துப் பலாமரம் எவ்வளவு தூரத்தில் உள்ளது, அதன் எந்தக் கிளை தம் பக்கம் நீண்டுள்ளது என்பவற்றை ஒரு நொடியில் உணர்ந்துகொள்வார். அதே மனிதர் தலையை நிமிர்த்தி மலைகளை நோக்கும்போது நிலைமை வேறாகிவிடுகின்றது. மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிய திரைச்சீலைகள் போலத் தோன்றுகின்றனவேயன்றி, அவற்றின் சாய்வுகளும் மடிப்புகளும் உட்குழிவுகளும் கண்ணுக்குத் திண்மமாகப் புலப்படுவதில்லை. அண்மையில் உள்ளதை அளக்கவல்ல கண், தன் தலைக்கு மேல் நிற்கும் மலையை அளக்க மாட்டாது போகின்றது.

மலையடிவாரத்தில் வாழும் மக்களுக்கு இக்குறைபாடு வெறும் அறிவியல் வினோதம் அன்று. எந்தச் சாய்வு உறுதியானது, எது முன்னொரு காலத்திற் சரிந்து மீண்டும் சரியக்கூடியது என்பதை அறிவது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகும். கணனி ஆக்கும் உருவங்களை இருவிழிப் பார்வையின் துணைகொண்டு முப்பரிமாணத்திற் காட்டும் முறைகள் இன்று திரைப்படத்திலும் விளையாட்டிலும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. அம்முறைகளின் அடிப்படை யாது, அவை எவ்வாறு வளர்ந்தன, நமது மலைநாட்டிற்கு அவற்றாற் பயன் உண்டா என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவிழிப் பார்வையின் இயல்பு

நமது இரு கண்களும் சராசரியாக ஏறத்தாழ 6.5 சதமமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆதலால் ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்ட இரு நிலைகளிலிருந்து காண்கின்றன. முகத்துக்கு முன்னே ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடியும் மற்றதைத் திறந்தும் மாறிமாறிப் பார்ப்பின், பின்னணியை நோக்க விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். பௌதிக ஆய்வுகூடத்தில் மாணவர் இதனை இடவழு என அறிவர். அங்கு ஊசிகளை நிரைப்படுத்தும்போது இடவழுவை நீக்க முயல்கின்றோம். மூளையோ அதே இடவழுவைப் பயன்படுத்தித் தூரத்தைக் கணிக்கின்றது. இரு விழித்திரைகளிலும் விழும் விம்பங்களுக்கிடையிலான சிறு வேற்றுமையே ஆழவுணர்வின் ஒரு பெரும் ஊற்றாகும்.

ஒற்றைக் கண்ணுக்கும் ஆழத்தை உணர்த்தும் குறிகள் பலவுண்டு. அண்மைப் பொருள் சேய்மைப் பொருளை மறைத்தல், தூரம் கூடக் கூட அளவு குறைதல், நிழல், காற்றின் மூட்டம், தலையை அசைக்கும்போது பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்தல் ஆகியன அவை. ஓவியர் நெடுங்காலமாகக் கையாண்டவை இவற்றுள் முதல் நான்குமே. எனினும் எவ்வளவு திறமையாக வரைந்த ஓவியமும் நிகழ்பொருளின் திண்மத் தோற்றத்தை முழுமையாகத் தர இயலாது என்பதையும், அதற்கு இரு கண்களாற் காண்பதே காரணம் என்பதையும் லியனார்டோ டா வின்சி உணர்ந்திருந்தார்.

இங்கு ஒரு கணிப்பு பயனுடைத்து. ஒரு மீற்றர் தூரத்திலுள்ள பொருளிடத்து நமது இரு பார்வைக் கோடுகளும் ஏறத்தாழ 3.7 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒரு கிலோமீற்றர் தூரத்தில் அக்கோணம் ஏறத்தாழ 13 விகலையாகச் சுருங்கிவிடுகின்றது. ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. கூர்மையான பார்வையுடையோர் பிரித்தறியக்கூடிய வேற்றுமையின் எல்லையும் ஏறத்தாழ இதுவே. எனவே சில நூறு மீற்றருக்கு அப்பால் இருவிழிப் பார்வை படிப்படியாகச் செயலற்றுப் போகின்றது. மலை திரைச்சீலைபோலத் தோன்றுவதன் காரணம் இதுதான். மலையைத் திண்மமாகக் காண வேண்டுமாயின் நமது கண்களை ஒன்றிலிருந்து ஒன்று வெகு தூரத்துக்கு விலக்கி வைத்தல் வேண்டும். அது எவ்வாறு இயன்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

வரைபடத்திலிருந்து ஒளிப்படத்துக்கு

1838ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின்முன் சாள்ஸ் வீற்ஸ்ரன் சமர்ப்பித்த ஆய்வே இத்துறையின் தொடக்கம் எனலாம். மின்தடையை அளக்கும் பாலத்தின் மூலம் நம் மாணவர்க்கு அறிமுகமான அதே வீற்ஸ்ரன்தான் இவர். ஒன்றுக்கொன்று செங்கோணமாக வைத்த இரு ஆடிகளைக் கொண்டு, இடக்கண்ணுக்கு ஒரு படத்தையும் வலக்கண்ணுக்கு வேறொரு படத்தையும் காட்டும் கருவியை அவர் அமைத்தார். ஸ்டீரியோஸ்கோப் என அவர் பெயரிட்ட அக்கருவியில் இரு தட்டைப் படங்கள் ஒன்றிணைந்து ஒரு திண்மமாகத் தோன்றின.

ஒளிப்படக்கலை பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது 1839இலேயே. அதற்கு முந்திய ஆண்டிலே வீற்ஸ்ரன் பயன்படுத்தியவை ஒளிப்படங்கள் அல்ல. கேத்திரகணித முறைப்படி இரு கண்களுக்கும் தனித்தனியே வரையப்பட்ட கோட்டுருவங்களாகும். அதாவது, உலகின் முதல் இருவிழிப் படங்கள் கண்டு பதித்தவை அல்ல, கணித்து ஆக்கியவை. ஒளிப்படத்தின் நீண்ட இடைக்காலத்தின் பின்னர் கணனி இத்துறைக்குள் நுழைந்தபோது, அது புதிய பாதை ஒன்றை வகுத்தது என்பதைவிட, வீற்ஸ்ரன் தொடங்கிய இடத்துக்கே மீண்டது என்பது பொருந்தும்.

1849ஆம் ஆண்டளவில் டேவிட் புரூஸ்ரர் வில்லைகளைக் கொண்ட சிறிய கருவி ஒன்றை உருவாக்கினார். 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் அது மக்களின் கவனத்தை ஈர்த்தது. 1861இல் அமெரிக்கரான ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் கையிற் பிடித்துப் பார்க்கும் மலிவான வடிவத்தை அமைத்தார். அதன்பின் இரட்டைப் படங்கள் ஒட்டிய அட்டைகள் பெரும் வணிகப் பொருளாயின. அண்டர்வூட் அண்ட் அண்டர்வூட், கீஸ்ரோன் வியூ கொம்பனி முதலிய அமெரிக்க நிறுவனங்கள் உலகின் பல பாகங்களுக்கும் ஒளிப்படக்காரரை அனுப்பின. இலங்கையும் அவர்களின் வில்லைக்குத் தப்பவில்லை. பேராதனைப் பூங்காவின் பெருமரங்களும், தேயிலை மலைகளிற் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களும் அவ்வட்டைகளில் இடம்பெற்றனர்.

இவ்விடத்தில் ஒரு சமூக உண்மையைக் குறித்துச் செல்ல வேண்டும். மேலைநாட்டு வரவேற்பறை ஒன்றில் அமர்ந்திருந்தவர், கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்த பெண்ணையும் அவள் நின்ற சரிவையும் திண்மமாகக் கண்டார். அச்சரிவிலே வாழ்ந்த அப்பெண்ணுக்கோ அந்தக் காட்சி கிட்டவில்லை. காண்பவர் ஒருவர், காணப்படுபவர் வேறொருவர் என்ற இப்பிரிவினை, கருவி மாறிய பின்னரும் முற்றாக மறைந்துவிடவில்லை.

கணனியின் வருகை

படத்திலுள்ள பொருளை முதலில் அடையாளங்கண்டு, அதன் பின்னரே மூளை அதன் ஆழத்தைக் கணிக்கின்றது எனப் பலர் நெடுங்காலம் கருதினர். இக்கருத்தை உடைத்தவர் ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பேலா யூலெஸ் ஆவார். 1960ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், கணனியைக் கொண்டு ஒழுங்கற்ற கருப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த இரு சதுரங்களை ஆக்கினார். இரண்டும் ஒரே மாதிரியானவை. ஒன்றின் நடுப்பகுதியில் உள்ள புள்ளிக் கூட்டம் மட்டும் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தப்பட்டிருந்தது. தனித்தனியே பார்ப்பின் எதுவும் தெரியாது. இரு கண்களாலும் இணைத்துப் பார்த்தபோதோ நடுவே ஒரு சதுரம் மிதந்து எழுந்தது. நிழலோ உருவமோ பொருளோ இன்றி, இடவழு ஒன்றே ஆழத்தை உணர்த்தப் போதுமானது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. கையால் வரைவதற்கு இயலாத அவ்வொழுங்கின்மையைக் கணனியே சாத்தியமாக்கியது.

அதே ஆய்வுகூடத்தில் 1960களில் மைக்கல் நோல் கணனியால் ஆக்கிய இருவிழி அசைபடங்களை உருவாக்கினார். 1968இல் ஐவன் சதர்லண்ட், தலையில் அணியும் காட்சிக்கருவி ஒன்றை விவரித்தார். ஒவ்வொரு கண்ணின் முன்னும் ஒரு சிறு கதோட்டுக் கதிர்க் குழாய் அமைந்தது. அணிந்தவர் தலையைத் திருப்பும்போது கணனி அவரது புதிய நிலைக்கேற்ப உருவத்தை மீண்டும் கணித்து வரைந்தது. அன்று அது வரைந்தவை வெறும் கம்பிச் சட்டக உருவங்களே. இன்று கடைகளில் விற்கப்படும் மெய்நிகர்க் காட்சிக் கவசங்கள் அனைத்தும் அக்கருவியின் வழித்தோன்றல்களாகும்.

திரையின் கேத்திரகணிதம்

கணனி இரு படங்களை எவ்வாறு கணிக்கின்றது? இதற்கு வடிவொத்த முக்கோணங்கள் பற்றிய பள்ளிக்கூட அறிவே போதுமானது. திரைக்கு முன்னே ஒருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். திரைக்குப் பின்னால் ஒரு கற்பனைப் புள்ளி உள்ளது. அப்புள்ளியிலிருந்து இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் இரு நேர்கோடுகளை வரைந்தால், அவை திரையை இரு வேறு இடங்களில் வெட்டும். அவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரமே திரை இடவழு. புள்ளியின் தூரத்திலிருந்து திரையின் தூரத்தைக் கழித்து, வருவதைப் புள்ளியின் தூரத்தால் வகுத்து, கண்களின் இடைவெளியாற் பெருக்கினால் இடவழு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, திரை 60 சதமமீற்றர் தூரத்தில் உள்ளது எனவும், புள்ளி 90 சதமமீற்றர் தூரத்திற் தோன்ற வேண்டும் எனவும் கொள்வோம். 90இலிருந்து 60ஐக் கழிக்க 30. அதனை 90ஆல் வகுத்து 6.5ஆற் பெருக்க, ஏறத்தாழ 2.2 சதமமீற்றர் வரும். இடக்கண்ணுக்குரிய புள்ளி இடப்புறமும் வலக்கண்ணுக்குரியது வலப்புறமும் அமையும். புள்ளி திரைக்கு முன்னே 40 சதமமீற்றரிற் தோன்ற வேண்டுமாயின் விடை மறைப் பெறுமானமாகி, 3.25 சதமமீற்றர் ஆகும். இப்போது இரு புள்ளிகளும் இடம் மாறிக் குறுக்காக அமையும். திரையின் மீதே உள்ள புள்ளிக்கு இடவழு இல்லை. முடிவிலியில் உள்ள புள்ளிக்கு இடவழு கண்களின் இடைவெளிக்குச் சமமாகும். அதனைவிடக் கூடினால் கண்கள் வெளிப்புறமாக விரிய நேரிடும். இயற்கையில் அவை அவ்வாறு செய்வதில்லை. சிறிய கணனித் திரைக்கு ஆக்கிய படத்தைப் பெரிய திரையில் அப்படியே விரித்துக் காட்டும்போது பார்வையாளர் துன்புறுவதன் காரணம் இதுவே.

தொடக்கநிலையினர் புரியும் தவறொன்றும் உண்டு. இரு கற்பனைக் கமராக்களையும் பொருளை நோக்கி உட்புறமாகத் திருப்பினால் இரு படங்களும் எதிரெதிர்த் திசைகளிற் சரிவகமாகச் சிதையும். மூலைகளில் ஒரே புள்ளி ஒரு படத்தில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் நிற்கும். இந்நிலைக்குத்து வேற்றுமையைக் கண்களால் இணைக்க இயலாது தலைவலி உண்டாகும். கமராக்களைச் சமாந்தரமாக வைத்து, ஒவ்வொன்றின் காட்சிச் சட்டகத்தையும் பக்கவாட்டில் நகர்த்திக் கணிப்பதே முறையாகும். மெய்யான கமராவில் இது கடினம். கணனியில் ஒரு சமன்பாட்டின் மாற்றமே.

கண்ணுக்குக் கண் பிரித்தனுப்பும் வழிகள்

இரு படங்களையும் கணித்த பின்னர், அவற்றை உரிய கண்ணுக்கு மட்டும் சேர்ப்பிப்பதே அடுத்த பணி. இதற்கான வழிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது நிறத்தாற் பிரித்தல். 1853இல் ஜேர்மானியரான வில்ஹெல்ம் றோல்மன் இதன் தத்துவத்தை விளக்கினார். 1891இல் பிரெஞ்சுக்காரரான டுகோ டு ஓறன் அச்சுப்படங்களிற் கையாண்டார். இடக்கண் படத்தைச் சிவப்பிலும் வலக்கண் படத்தைப் பச்சையும் நீலமும் கலந்த நிறத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவர். சிவப்பு, நீலக் கண்ணாடித் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடி அவற்றைப் பிரிக்கும். கணனித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கூறுகளால் ஆனது. ஆகவே சிவப்புக் கூறை ஒரு படத்திலிருந்தும் ஏனைய இரண்டையும் மற்றப் படத்திலிருந்தும் எடுத்தாற் போதும். இயல்பான நிறம் கெடுவது இதன் குறை. சாதாரணத் திரையிலும் காகிதத்திலும், மிகக் குறைந்த செலவில் இயலும் என்பது இதன் நிறை.

இரண்டாவது முனைவாக்கத்தாற் பிரித்தல். ஒளியலைகளின் அதிர்வுத் தளத்தை ஒழுங்குபடுத்தும் மலிவான தாள்களை எட்வின் லாண்ட் உருவாக்கிய பின்னர் இம்முறை பரவியது. இரு படங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் முனைவாக்கிய ஒளியாகத் திரையில் வீழ்த்தப்படும். சாதாரண வெள்ளைத் திரை முனைவாக்கத்தைக் குலைத்துவிடும் ஆதலால் உலோகப் பூச்சுள்ள திரை வேண்டும். 1984இல் வெளிவந்த, இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமெனக் கொள்ளப்படும் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற மலையாளப் படம் இவ்வகையினது. நேர்கோட்டு முனைவாக்கத்தில் தலையைச் சாய்த்தால் படங்கள் கலந்துவிடும். வட்ட முனைவாக்கம் இக்குறையை நீக்குகின்றது.

மூன்றாவது காலத்தாற் பிரித்தல். திரையில் இடப்படமும் வலப்படமும் மாறிமாறி விரைந்து தோன்றும். திரவப் பளிங்கு மூடிகள் கொண்ட கண்ணாடி அதற்கிசைய ஒவ்வொரு கண்ணாக மறைக்கும். திரை செக்கனுக்கு 120 முறை மாறினால் ஒவ்வொரு கண்ணும் 60 படங்களைக் காணும்; மினுக்கம் தெரியாது. 1989இல் விற்பனைக்கு வந்த கிறிஸ்ரல் ஐஸ் என்னும் கண்ணாடி இம்முறையை ஆய்வுகூடங்களில் நிலைபெறச் செய்தது. மூலக்கூற்று அமைப்புகளை ஆராய்ந்த இரசாயனவியலாளரும் நிலப்படம் வரைவோரும் இதனைப் பெரிதும் பயன்படுத்தினர்.

நான்காவது இடத்தாற் பிரித்தல். இதற்குக் கண்ணாடி வேண்டியதில்லை. மெல்லிய நிலைக்குத்துப் பட்டைகளாக இரு படங்களையும் கீற்றுக் கீற்றாக வெட்டி மாறிமாறி அடுக்கி, முன்னே தடுப்புக் கம்பி வரிசையையோ உருளை வில்லை வரிசையையோ வைத்தால், ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய கீற்றுகளையே காணும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெடரிக் ஐவ்ஸ் தடுப்பு முறையைக் கையாண்டார். 1908இல் கபிரியேல் லிப்மன் சிறு வில்லைகளின் அணிவகுப்பை முன்மொழிந்தார். 2011இல் வெளிவந்த நின்ரென்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவியின் திரை தடுப்பு முறையினதே. தலை சற்று விலகினால் ஆழம் தலைகீழாகிவிடுவது இதன் இடர்ப்பாடு.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. நிகழ்பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் எங்கே குவிகின்றனவோ அங்கேயே கண்வில்லையும் தன்னை அமைத்துக்கொள்கின்றது. திரையிலோ கண்கள் புள்ளி தோன்றும் தூரத்திற் குவிய, வில்லை திரையின் தூரத்திலேயே தன்னமைவு கொள்ள வேண்டியுள்ளது. பிறந்தது முதல் இணைந்து பழகிய இரு செயல்கள் பிரிக்கப்படுகின்றன. ஆழத்தை அளவோடு பயன்படுத்தாத படம் களைப்பைத் தருவதன் காரணம் இது. சிறுவயதில் மாறுகண் முதலிய காரணங்களால் இருவிழி இணைவு அமையாத சிலருக்கு இம்முறைகள் எவையும் பயன்படா என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

மலையைக் காணும் விழிகள்

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மலையைத் திண்மமாகக் காணக் கண்களை எவ்வாறு விலக்குவது? விமானம் ஒன்று நேர்கோட்டிற் பறந்து, அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 60 சதவீதம் ஒன்றையொன்று தழுவுமாறு நிலத்தைப் படம்பிடிக்கின்றது எனக் கொள்வோம். 23 சதமமீற்றர்ச் சதுரப் படமும் ஏறத்தாழ 15 சதமமீற்றர்க் குவியத்தூரமும் கொண்ட கமராவோடு 3000 மீற்றர் உயரத்திற் பறந்தால், படம்பிடித்த இரு நிலைகளுக்கும் இடையே ஏறத்தாழ 1800 மீற்றர் இருக்கும். அவ்விரு படங்களையும் ஆடி ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்பவர், மனிதக் கண்ணிடைவெளியைவிட ஏறத்தாழ 28,000 மடங்கு விரிந்த கண்களையுடைய பூதமொன்றின் பார்வையைப் பெறுகின்றார்.

அப்பார்வை அளக்கவும் வல்லது. மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் படத்திற் காணும் இடவழு வேற்றுமை 3 மில்லிமீற்றர் எனவும், படத்தளவில் இரு நிலைகளின் இடைவெளி 90 மில்லிமீற்றர் எனவும் கொண்டால், 3000ஐ 3ஆற் பெருக்கி 93ஆல் வகுக்க, மலையின் உயரம் ஏறத்தாழ 97 மீற்றர் எனப் பெறப்படும். இலங்கையின் சமவுயரக் கோட்டுப் படங்களின் ஆக்கத்தில் இத்தத்துவம் பெரும் பங்கு வகித்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் 1956இல் நாட்டின் விமான ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டன. கனடாவின் ஹன்ரிங் சேர்வே நிறுவனம் நில அளவைத் திணைக்களத்தோடு இணைந்து மகாவலி கங்கை வடிநிலத்தின் வளங்களை ஆராய்ந்து 1962இல் அறிக்கை வெளியிட்டது. கெலிஓயாவைக் கடந்து செல்லும் ஆற்றின் எதிர்காலத்தைத் திட்டமிட்டோர், அதன் பள்ளத்தாக்குகளை இவ்வாறு விரிந்த விழிகளாற் கண்டவர்களே.

2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தின் உயரங்களை ராடார் கொண்டு அளந்தது. ஓர் அலைவாங்கி விண்ணோடத்திலும் மற்றது 60 மீற்றர் நீளக் கம்பத்தின் நுனியிலும் இருந்தன. இங்கும் இரு விழிகளே; ஒளிக்குப் பதில் ராடார் அலை. அத்தரவுகள் இன்று எவரும் இலவசமாகப் பெறத்தக்கவை. 30 மீற்றர்க் கட்டங்களாக அமைந்த தரவுகள் 2014 முதல் படிப்படியாக வெளியிடப்பட்டன.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் என்ற இவ்வெண் அட்டவணையிலிருந்து கணனி இருவிழிப் படத்தை ஆக்குவது எளிது. முதலில் மலைக்கு நிழலிட்ட ஒரு படம் வரையப்படும். பின்னர் ஒவ்வொரு புள்ளியும் தன் உயரத்துக்கு விகிதசமமாக இடப்படத்தில் வலப்புறமும் வலப்படத்தில் இடப்புறமும் நகர்த்தப்படும். 500 மீற்றர் உயர வேறுபாட்டுக்கு 5 மில்லிமீற்றர் இடவழு எனத் தீர்மானித்தால் 100 மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் ஆகும். இரு புள்ளிகள் ஓரிடத்தில் விழுந்தால் உயர்ந்தது தாழ்ந்ததை மறைக்கும். வெற்றிடம் தோன்றினால் அயற்புள்ளியால் நிரப்பப்படும். இரண்டையும் சிவப்பிலும் நீலப்பச்சையிலும் அச்சிட்டால், மேசை மேல் மலை எழுந்து நிற்கும்.

நிழலிட்ட படம் மட்டும் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. ஒளி மேலிருந்து விழுவதாகக் கொள்வது நமது பார்வையின் பழக்கம். வடக்கை மேலே வைத்த செய்மதிப் படத்தில் நமது நாட்டிற் பெரும்பாலான மாதங்களில் காலை ஒளி தென்கிழக்கிலிருந்து, அதாவது கீழ்ப்புறத்திலிருந்து விழும். அதனால் முகடு பள்ளத்தாக்காகவும் பள்ளத்தாக்கு முகடாகவும் பலருக்குத் தோன்றுகின்றன. இருவிழிப் படம் இம்மயக்கத்தைப் பெரிதும் நீக்குகின்றது.

மண்சரிவும் மக்களும்

பழைய சரிவொன்றின் தடம் பெரும்பாலும் தனித்த வடிவமுடையது. மேலே பிறைபோன்ற வெட்டு, அதன்கீழ் உட்குழிவு, அடியில் மேடுபள்ளமான மண்குவியல் என்பன அதன் அடையாளங்கள். காடோ தேயிலையோ மூடிய பின்னர் தரையில் நிற்பவர் இவற்றைக் காண்பது அரிது. இருவிழிப் பார்வையில் அவை மடித்த துணியின் சுருக்கங்கள்போலத் தெளிவாகும். 1990களிற் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிற் தொடங்கித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கிவரும் மண்சரிவு அபாய வலயப் படங்களுக்கும் இத்தகைய வாசிப்பு ஓர் அடிப்படையாகும்.

எனினும், வல்லுநர் கண்டது மக்களைச் சென்றடைந்ததா? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. அங்கு அபாயம் உண்டென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் மழை மலைநாடெங்கும் சரிவுகளையும் வெள்ளத்தையும் விளைத்தபோது, பெரும் உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்றாயிற்று. செல்வதற்கு மாற்றிடம் இல்லாதவருக்கு எச்சரிக்கை மட்டும் வழிகாட்டாது. காணியுரிமையற்ற ஒரு சமூகம் அபாய வலயத்தில் வாழ்வது பார்வைக் குறைபாட்டால் அன்று என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், தாம் வாழும் சரிவு பற்றிய அறிவு அலுவலகக் கோப்பினுள் இருக்கையில், மாற்றிடம் கோருவோரின் குரலுக்கு வலுவில்லை. ஆதாரம் தம் கையிலிருந்தால் கோரிக்கையின் தன்மையே மாறும்.

சிவப்பு நீல அட்டைக் கண்ணாடி இங்குதான் தன் சிறப்பைப் பெறுகின்றது. விலையுயர்ந்த திரைகள் வேண்டா. ஒரு வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ அச்சிட்ட தாளொன்றைச் சுற்றி மக்கள் கூடலாம். சமவுயரக் கோட்டை வாசிக்கப் பயிலாத முதியவளும் தன் லயனின் பின்புறக் குழிவைத் தானே சுட்டிக்காட்ட இயலும். எந்த ஊற்று எந்த மழையிற் கலங்கியது, எந்தச் சுவர் எப்போது வெடித்தது என்ற அவளது அறிவு எந்த விண்ணோடத்திலும் பதிவாகவில்லை. படம் அவளுக்குக் கற்பிப்பது ஒரு பாதி. அவள் படத்துக்குக் கற்பிப்பது மறுபாதி.

எல்லைகள்

இம்முறையின் எல்லைகளை மறைப்பது நேர்மையன்று. 30 மீற்றர்க் கட்டம் ஒன்றின் பரப்பு 900 சதுர மீற்றர். ஏறத்தாழ 35 பேர்ச்சஸ். தோட்ட வீடமைப்பிற் பேசப்படும் 7 பேர்ச்சஸ் காணிகள் ஐந்து அதனுள் அடங்கிவிடும். அத்துணைக்கும் தரவில் உயரம் ஒன்றே. ஆகவே இது மலையின் பொதுவடிவைக் காட்டுமேயன்றி ஒரு வீட்டின் பாதுகாப்பைத் தீர்மானிக்காது. மேலும் அந்த ராடார் அடர்ந்த மரக்கூரையை முழுமையாக ஊடுருவவில்லை. காடுள்ள இடத்தில் உயரம் தரையினது அன்று. இலைகளின் இடைவெளியூடே தரையைத் தொடவல்ல லேசர் அளவீடே நுண்ணிய வடிவத்தைத் தரும்.

ஆழத்தை மிகைப்படுத்தும் இயல்பும் கவனிக்கத்தக்கது. விமானப்பட இணைகளில் உயரம் மூன்று நான்கு மடங்கு கூடித் தோன்றுவதுண்டு. மும்மடங்கு மிகைப்படுத்தினால் 20 பாகைச் சாய்வு 47 பாகைக்கு மேற்பட்டதாகக் காட்சிதரும். வேண்டாத அச்சத்தை விளைக்காதிருக்க, மிகைப்பாட்டின் அளவைப் படத்திலேயே குறிப்பிடல் வேண்டும். இரு படங்களும் இடம் மாறினால் மலை பள்ளமாகும். எனவே கண்ணாடியின் எந்த நிறம் எந்தக் கண்ணுக்கு என்பதையும் எழுதுதல் அவசியம். மண்ணின் தன்மை, நிலத்தடி நீர், பாறையின் வெடிப்பு, மழையளவு என்பவற்றை எப்படமும் காட்டாது. அவற்றுக்குப் புவிச்சரிதவியலாளரின் கள ஆய்வே வேண்டும்.

முடிவுரை

வீற்ஸ்ரனின் கோட்டுருவங்களிலிருந்து இன்றைய காட்சிக் கவசம் வரை தத்துவம் ஒன்றே: இரு கண்களுக்கு இரு படங்கள், அவற்றிடையே கணித்தமைத்த வேற்றுமை. கருவிகள் மாறுகின்றன, தத்துவத்தை அறிந்தவருக்கு அவை வியப்பும் அல்ல, எட்டாதவையும் அல்ல. இலவசத் தரவும் ஒரு சாதாரணக் கணனியும் அச்சியந்திரமும் கொண்டு பல்கலைக்கழக மாணவர் குழுவொன்று தன் அயற்கிராமத்தின் மலையை ஆக்கிக் காட்டலாம். புவியியல், பொறியியல், கணனி விஞ்ஞானம், தமிழ் ஆகிய துறைகளின் மாணவர் ஒன்றுகூடிச் செய்யத்தக்க பணி இது. விளக்கவுரை தமிழிலும் சிங்களத்திலும் அமைதல் வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நமது சரிவுகளையும் அவற்றில் உழைத்தோரையும் திண்மமாகக் கண்டு மகிழ்ந்தவர்கள் கடல் கடந்த அந்நியர். திட்டமிடுவோரும் வல்லுநரும் பின்னர் அப்பார்வையைப் பெற்றனர். சரிவில் வாழ்வோர் அதனைப் பெறும் காலம் இனியாவது வருதல் வேண்டும். அதற்கான பொறுப்பின் ஒரு கூறு, மலைகளின் நடுவே அமைந்த இப்பல்கலைக்கழகத்திற் கற்போரைச் சாரும்.